கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள்: ஆசிரியரின் நிறையும் குறையும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளின் கணக்கு டீச்சர் எம்.எஸ்சி., எம்.பில். ஆனாலும் இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. படிப்பு இருந்தால் போதாதா சார்? (ஓர் அம்மா, திண்டுக்கல்)

போதாதும்மா. 52இல் 28ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 36 என்று எழுதும். 2இல் 8 போகாது, அதனால் 8இல் 2ஐக் கழித்து 6. 5இல் 2 போக 3. தன் கணக்குப்படி அது சரியாகத்தான் போட்டிருக்கிறது. சிவப்பு மையில் தப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்பவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் பத்துத் தீக்குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினால் போதும்.

கேள்வி: உங்களிடம் என்ன குறை இருந்தது?

கேட்டுவிட்டீர்கள். முதல் பெஞ்சில் எந்தக் கை உயர்கிறதோ, "நீ சொல்லு" என்பேன். பதில் சரியாக வரும், பாடம் நகரும். பத்து வருடம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி கடைசி பெஞ்சுப் பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பலகையில் நான் எழுதியது அச்சு அசலாக இருந்தது, என் எழுத்துப்பிழையோடு சேர்த்து. ஒரு வரிகூட அவனுக்கு விளங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ண ஆரம்பித்தேன். பின்னாலிருந்தும் கை உயர்ந்தது.

கேள்வி: வகுப்பில் அரைகுறையாக நடத்திவிட்டு, டியூஷனில் மட்டும் விளக்குபவர்களைப் பற்றி?

ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நன்னூலில் பவணந்தியார் சொல்லும் உவமைகளில் முடத்தெங்கு ஒன்று. வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒரு வீடு, காய் விழுவது பக்கத்து வீட்டில். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. நன்னூலின் அதே நூற்பாவில் கழற்குடமும் வருகிறது. கழற்சிக்காயை எந்த வரிசையில் போட்டாலும் குடத்தைக் கவிழ்த்தால் கலந்துதான் கொட்டும். தயார் செய்யாமல் வகுப்புக்குப் போன நாட்களில் நானும் கழற்குடம்தான்.

கேள்வி: அடிக்காமல் வகுப்பை அடக்க முடியுமா சார்? (புதிதாக வேலையில் சேர்ந்தவர்)

முடியும் தம்பி. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை. சட்டத்தை விடுங்கள், முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். "ஏய்" என்றால் எட்டுப் பேர் திரும்புவார்கள், பெயர் சொன்னால் ஒருவன்தான்.

கேள்வி: எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறை இணையதளம்) பதிவே பாதி நேரத்தைத் தின்கிறது. அதுவும் எங்கள் குறையா?

இல்லை, அதை உங்கள் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் திருத்தாத நோட்டுக் கட்டுக்கும் எமிஸையே காரணம் சொல்கிற சிலரை எனக்குத் தெரியும். எமிஸ் வருவதற்கு முன்னாலும் அவர்கள் நோட்டுத் திருத்தியதில்லை.