ஷெர்லி ஜாக்சன்: ‘ஹில் ஹவுஸ்’ முழுக்கப் படித்தும் பேய் வரவில்லையே, மற்ற நாவல்களை எந்த வரிசையில் படிப்பது?

பேய்க்காகக் காத்திருந்து படித்தால், அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959) ஏமாற்றத்தான் செய்யும். நள்ளிரவில் கதவு அதிர்கிறது, ஓரிடத்தில் மட்டும் எலும்பைத் துளைக்கும் குளிர், அங்கே வந்து தங்கியிருக்கும் எலினோரின் பெயரைப் போட்டுச் சுவரில் எழுத்து. இதையெல்லாம் செய்வது யார் என்பதை மட்டும் ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை.

மறுபடி படிக்கும்போது பேயை விட்டுவிட்டு வீட்டை அளந்து பாருங்கள். அதைக் கட்டிய ஹ்யூ கிரெய்ன் எந்த மூலையையும் சரியான செங்கோணத்தில் வைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் இம்மி பிசகு. திறந்து வைத்த கதவுகள் தானாகச் சாத்திக்கொள்வது இதனால்தான் என்று வீட்டை ஆராய வந்த டாக்டர் மாண்டேகு விளக்குகிறார். விளக்கம் கிடைத்த பிறகும் பயம் போவதில்லை, ஏனென்றால் வந்து தங்கியவளிடமும் அதே பிசகு இருக்கிறது. எலினோருக்கு 32 வயது. நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே 11 வருடம் போய்விட்டது. இருட்டில் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம். அவள் கூடத் தங்கியிருக்கும் தியோடராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். விளக்கு எரிகிறது. தியோடராவோ அறையின் அந்தப் பக்கக் கட்டிலில் இருந்து தூக்கக் கலக்கத்தோடு எழுகிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை? அந்தக் கேள்வியோடு காட்சி முடிந்துவிடுகிறது.

இந்த இடத்துக்கு ஜாக்சன் மெல்லத்தான் வந்து சேர்ந்தார். முதல் நாவல் ‘தி ரோட் த்ரூ தி வால்’ (1948) பழைய வீடும் மர்மமுமான கோதிக் வகையே இல்லை. கலிபோர்னியாவில் ஒரு தெரு, 1936, அக்கம்பக்கத்து வம்பு, தெருக்கோடியில் ஒரு மதில். புதுச் சாலைக்காக அந்த மதிலை உடைக்கிறார்கள், தெருவின் நிம்மதியும் போகிறது. அதே வருடம் ஜூன் 26 தேதியிட்ட ‘தி நியூயார்க்கர்’ இதழில் ஊரே கூடிச் சீட்டு எடுத்து ஒருத்தியைக் கல்லெறிந்து கொல்லும் ‘தி லாட்டரி’ சிறுகதை வந்தது. அந்தக் கோடையில் தனக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களில் 13 மட்டுமே கனிவாக இருந்தன, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று அவரே பின்னர் சொன்னார். இந்தக் கட்டத்தில் அவருடைய பயமெல்லாம் ஊர் மேல், பக்கத்து வீட்டு நல்ல மனிதர்கள் மேல்.

அடுத்த இரண்டு நாவல்களில் மதில் தலைக்குள் போய்விடுகிறது. ‘ஹேங்ஸமன்’ (1951) கல்லூரிக்குப் போகும் 17 வயது நாடலியைப் பற்றியது; அவளுடைய தோழி டோனி நிஜமாகவே இருக்கிறாளா என்பதே சந்தேகம். ‘தி பேர்ட்ஸ் நெஸ்ட்’ (1954) நாவலில் எலிசபெத் வேலை பார்க்கும் அருங்காட்சியகக் கட்டடம் சாய ஆரம்பிக்க, அவள் மேஜையை ஒட்டிய சுவரைப் பிளந்து ஓட்டை போடுகிறார்கள். பிறகு அவளே எலிசபெத், பெத், பெட்சி, பெஸ் என்று நாலாகப் பிளக்கிறாள். கட்டடத்தையும் மனதையும் ஒன்றாக்கும் வேலையை ஜாக்சன் பழகிப் பார்த்தது இங்கேதான் என்பேன். என்ன, உவமை கொஞ்சம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஐந்து வருடம் கழித்து ஹில் ஹவுஸில் அந்தத் தையல் தெரிவதில்லை.

நடுவில் வந்த ‘தி சன்டயல்’ (1958) நாவலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது தப்பு. உலகம் அழியப்போகிறது, இந்த மாளிகைக்குள் இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள் என்று செத்துப்போன அப்பா சொன்னதாக ஃபேனி அத்தை அறிவிக்க, ஒருவரையொருவர் சகிக்காத ஒரு கும்பல் உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். நாலு பிள்ளைகளை வளர்த்த கதையை நகைச்சுவையாக இரண்டு புத்தகம் எழுதிய கை அது.

கடைசியாக முடித்தது ‘வி ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்’ (1962). அமானுஷ்யம் என்று ஒன்றுமே இல்லை. சர்க்கரைக் கிண்ணத்தில் ஆர்சனிக், ஒரே இரவில் நாலு சாவு, மிஞ்சியவர்கள் இரண்டு சகோதரிகளும் ஒரு சித்தப்பாவும். வீடு தீப்பிடிக்கிறது. தீயணைப்புப் படைத் தலைவர் கடமை தவறாமல் தீயை அணைக்கிறார், தொப்பியைக் கழற்றி வைக்கிறார், பிறகு ஜன்னலைப் பார்த்து முதல் கல்லை எறிகிறார். ‘தி லாட்டரி’யின் கற்கள் 14 வருடம் கழித்து இங்கே திரும்பி வருகின்றன. இந்த முறை நாம் கதவுக்கு உள்ளே நிற்கிறோம், சகோதரிகளில் இளையவளான 18 வயது மெரிகாட்டின் குரலில். கதவைத் தாழிட்டுக்கொள்ளேன் என்று நமக்கே தோன்றும்.

வெளிவந்த வரிசையில் படிக்கவேண்டாம். முதல் நாவலில் வீட்டுக்கு வீடு பெயர்கள் வந்து குவியும், நாற்பது பக்கத்தில் கை நழுவிவிடும். ‘தி லாட்டரி’யை ஒரே மூச்சில் முடியுங்கள், அடுத்து ‘காசில்’, அது அளவிலும் சிறியது. பிறகு ‘சன்டயல்’, உடனே ‘ஹில் ஹவுஸ்’ இரண்டாம் முறை. அதன் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே வரிகள். ‘பேர்ட்ஸ் நெஸ்ட்’ படிக்கும்போது இப்போது பேசுவது யார் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்பும். ‘ஹேங்ஸமன்’ மெதுவானது, அவசரப்படாத நாளுக்கு. முதல் நாவலைக் கடைசியில், ஒரு தாளில் குடும்பப் பட்டியல் போட்டுக்கொண்டு படியுங்கள்.

1965 ஆகஸ்டில் 48 வயதில் இறந்தபோது இன்னொரு நாவலைப் பாதியில் விட்டிருந்தார். ‘கம் அலாங் வித் மீ’ என்று 1968-ல் வெளியானது. அதன் நாயகி நடுவயது விதவை. கணவனைப் புதைத்துவிட்டு, வீட்டை விற்றுவிட்டு, புதுப் பெயர் வைத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்புகிறாள்.