சந்தில் விளக்குப் போட்டால் வழிப்பறி குறையுமா?

அம்மாபேட்டையில் தறிப்பட்டறை விட்டு ராத்திரி நடந்து வரும் சந்தில் விளக்குப் போட்டால் வழிப்பறி குறையுமா, இல்லை கரண்ட்தான் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. 2016-ல் நியூயார்க்கில் குற்றம் அதிகமுள்ள அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆறு மாதம் பெரிய விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்தார்கள். குலுக்கல் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் மோசமான இடத்துக்கே விளக்குப் போகும், அப்புறம் குற்றம் விளக்கால் குறைந்ததா தானாகக் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் வெளியிடங்களில் நடந்த கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. (நம்ம ஊர் ஹைமாஸ் மாதிரி கண் கூசும் வெளிச்சம் அது, பழைய குண்டு பல்பு இல்லை.)

அதற்கு முன்பே, 1990-களின் கடைசியில் சிகாகோ சந்துகளில் வெளிச்சத்தைக் கூட்டியபோது பதிவான குற்றம் கூடத்தான் செய்தது. வெளிச்சத்தில் நடப்பது கண்ணில் பட்டு, புகார்கள் பெருகியிருக்கலாம்.

சரி, வெளிச்சத்தில் நடப்பதைப் பார்க்க, உங்கள் சந்தில் பத்து மணிக்கு மேல் திண்ணையிலோ ஜன்னலோரமோ ஆள் இருப்பார்களா? இருந்தால் மனு எழுதுங்கள், முதல் விளக்கைத் திருப்பத்தில் கேளுங்கள். ஆளே இல்லாத சந்து என்றால் நான் விளக்கை மட்டும் நம்ப மாட்டேன்.