மலை மேல் பூட்டிக் கிடந்த விடுதியை சீசனுக்குத் திறக்கும் முன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: மேல்மலையில் ஐந்து அறை உள்ள பழைய வீடு ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதை. மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது, ஏப்ரலில் ஆட்களைத் தங்க வைக்க வேண்டும். பெயின்ட், கட்டில், திரைச்சீலை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிட்டு, எதை முதலில் செய்வது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் செய்ய வேண்டும். தண்ணீர் வரும் வழியை ஊற்றுக்கண்ணிலிருந்து டேங்க் வரைக்கும் நடந்து பாருங்கள்.

நானும் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவே, ஏறக்குறைய 6,500 அடி உயரத்தில் நான்கு அறை விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் பூட்டுவோம், பங்குனியில் திறப்போம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்து போனபோது எங்கள் பாதையில் வரிசையாக மரங்கள் சாய்ந்தன. தண்ணீர் ஓஸும் பல இடங்களில் நசுங்கிப்போனது. சரிசெய்ய வந்தவர் இரண்டு நாள் வேலை பார்த்து, "எல்லாம் ஓடுதுங்க" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். நாங்களும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம், தளும்பிக்கொண்டு இருந்தது. தமிழ்ப் புத்தாண்டு விடுமுறைக்கு நான்கு அறையையும் கொடுத்துவிட்டோம்.

வந்தது பதினோரு பேர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டேங்க் வறண்டது. குளியலறையில் சோப்பு நுரையோடு ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். நான் ஜீப்பில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு கீழே கிராமத்துக்குத் தண்ணீருக்கு ஓடினேன். அன்று முழுக்க ஆறு தடவை போய் வந்தேன். அந்தப் பாட்டி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

நடந்தது இதுதான். ஓஸில் விரல் பருமன்கூட இல்லாமல் நூல் போலத் தண்ணீர் வந்திருக்கிறது. யாரும் பயன்படுத்தாத வீட்டில் அந்த நூல் ஒரு வாரமாக விழுந்து விழுந்து டேங்கை நிரப்பிவிட்டது. நிறைந்த டேங்கைப் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, மணிக்கு எவ்வளவு வந்து விழுகிறது என்று பாருங்கள்.

அடுத்த நாள் கிராமத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு லைனை நடந்து பார்த்தேன். எங்கள் ஊற்று வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சோலைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் அவர் குனிந்து கருப்பு ஓஸில் காதை வைத்துக் கேட்டார். "இங்க ஏர் புடிச்சிருக்கு தம்பி, கொடகொடங்குது பாரு" என்றார். நானும் காதை வைத்தேன். உள்ளே யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் சத்தம். ஓஸ் மேடேறி இறங்கும் இடத்தில் உச்சியில் காற்று சேர்ந்து தங்கிவிடும், தண்ணீர் அதைத் தள்ள முடியாமல் ஓரமாக ஒழுகும். அந்த மாதிரி மூன்று மேடுகளில் ஒரு 'டி' வடிவ இணைப்பு போட்டுச் சின்ன வால்வு வைத்தோம். இப்போது லைனைத் திறந்ததும் கீழிருந்து ஒவ்வொரு வால்வாகப் போய்த் திறந்து, சீறல் அடங்கிக் காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் வரும்வரை விட்டு மூடுவோம்.

இன்னொரு இணைப்பைக் கழற்றியபோது உள்ளே வேர். சரியாக இறுக்காத இணைப்பின் இடுக்கு வழியாக நுழைந்து, ஓஸுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. பிடித்து இழுத்தேன், ஒரு முழ நீளத்துக்குச் சடை பின்னியதுபோல் வந்தது, நுனியில் மணலும் வண்டலும். அதை எடுத்த நிமிடம் கீழே டேங்க் பக்கத்தில் நின்ற பையன் தண்ணீர் பாய்கிறது என்று சத்தம் போட்டான்.

ஊற்றுக்கண்ணில் சல்லடையைச் சுத்தியிருக்கும் இலை தழையை எடுங்கள். தொட்டியில் சேர்ந்த மணலை வாருங்கள். காட்டெருமைத் தடம் ஓஸைக் குறுக்கே கடக்கும் இடங்களில் ஓஸை ஒரு அடி ஆழத்தில் புதைத்து மேலே கல் அடுக்குங்கள். ஒரு மிதியில் ஓஸ் தட்டையாகிவிடும். காட்டு எல்லைக்குள் லைன் போகிறது என்றால் வனத்துறையிடம் சொல்லிவிட்டே போங்கள், தனியாகப் போகவே வேண்டாம்.

பிறகு அளவு. 20 லிட்டர் பக்கெட்டை டேங்க் வாயில் பிடித்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். எங்களுக்கு மார்ச்சில் ஐந்து நிமிடம் ஆகும், அதாவது நாளுக்கு 5,760 லிட்டர். மழை தவறிய வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒன்பது நிமிடம்வரை போயிருக்கிறது, அப்போது நாளுக்கு 3,200 தான். ஆளுக்கு 135 லிட்டர் என்பது நகரத்துக் குடிநீர்த் திட்டங்களில் போடுகிற கணக்கு. அதன்படி பத்துப் பேருக்கு 1,350, மேலே சமையல், துணி, வேலை செய்பவர்கள் என்று எங்களுக்கு 2,500 வரை போகும். ஆக வறண்ட மாதத்திலும் ஒப்பேறும், ஆனால் எல்லோரும் காலை ஏழரைக்குக் குளிப்பார்கள். அதனால்தான் 2,000 லிட்டர் சிண்டெக்ஸ் இரண்டு வைத்தோம். உங்கள் வீட்டில் ஐந்து அறை. மார்ச்சில் வருவதை நம்பாதீர்கள், அதில் பாதிதான் மே மாதத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

டேங்கை உரசிக் கழுவிவிட்டு, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு ராத்திரி வைத்து, குழாய்கள் வழியாகவும் கொஞ்சம் விட்டுவிட்டு, மறுநாள் முழுக்கத் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செப்டிக் டேங்குக்கோ ஓடைக்கோ விட வேண்டாம். ஊற்றுத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள், விருந்தாளிகளும் ஆசைப்படுவார்கள். மேலே மாடும் ஆடும் மேயும் மலை இது. காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீருக்கு இத்தனை எழுதியதற்குக் காரணம், மற்ற எந்தக் குறையையும் விருந்தாளியிடம் சொல்லிச் சமாளிக்கலாம் என்பதுதான்.

அடுத்தது, ஒவ்வொரு அறையிலும் ஒரு ராத்திரி நீங்களே படுங்கள். ஒன்றையும் விடக் கூடாது. பகலில் எட்டிப் பார்த்தால் எல்லா அறையும் நன்றாகத்தான் இருக்கும். நான் மூன்றாம் அறையில் படுத்த அன்றைக்குத்தான், ராத்திரி இரண்டு மணிக்கு மெத்தைக்குள் ஏதோ கீறும் சத்தம் கேட்டது. காலையில் தையலைப் பிரித்தால் உள்ளே பஞ்சைக் குடைந்து எலிக் கூடு. அதே அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து சூடாக வருவதற்குள் ஆறு நிமிடம், அத்தனை தண்ணீரும் வீண். ஜன்னல் கொக்கி காற்றுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. இதெல்லாம் அங்கே படுக்காமல் தெரியவே தெரியாது. எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து நனைய விட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடுங்கள்.

கம்பளிக்கு ஒரு நாள் வெயில் போதாது. நான்கு மாதம் மடித்து வைத்த கம்பளியில் பூசண வாடை போக மூன்று நாளாவது காய வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் காய்ந்ததெல்லாம் மறுபடி ஈரம் குடித்துவிடும், அதனால் ஒரு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். உள்ளே எடுத்ததை மடிக்காமல் கட்டில் மேல் விரித்துப் போடுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. குளிருக்கு ஒரு சட்டியில் கனல் போட்டுக் கொடுங்கள் என்று விருந்தாளிகளே கேட்பார்கள். பூட்டிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாடையும் இருக்காது, கண்ணும் எரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குளியலறைக்குள் மாட்டிய காஸ் கீசரும் அதே ஆபத்துதான், நாங்கள் வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டோம். உங்கள் பழைய வீட்டில் சுவரோடு கட்டிய கணப்பு (ஃபயர்பிளேஸ்) இருக்கும், அதன் புகைபோக்கிக்குள் பறவைக்கூடு இருக்க வாய்ப்பு உண்டு. பழைய செய்தித்தாளைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே போகாமல் அறைக்குத் திரும்பினால், சுத்தம் செய்யும்வரை அந்தக் கணப்பைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு வெந்நீர்ப் பையும் கூடுதலாக ஒரு கம்பளியும் தருகிறோம். யாரும் குறை சொன்னதில்லை.

நெருப்பு வெளியிலும் இருக்கிறது. மாசி, பங்குனியில் புல் காய்ந்து பொன்னிறமாக நிற்கும், பார்க்க அழகு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு கேம்ப் ஃபயர் வேண்டும் என்று யார் எவ்வளவு கேட்டாலும் கோடை மழை நன்றாக இறங்கும்வரை நான் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குப் புல்லைச் செதுக்கி, கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் அடைந்த காய்ந்த இலைகளை அள்ளுங்கள். பைன் மரத்தின் ஊசி இலை பட்டென்று பற்றும்.

ஆட்களைப் பற்றி. வேலைக்குக் கீழ்க் கிராமத்தாரையே வையுங்கள், அதையும் தை மாதத்திலேயே பேசி வையுங்கள். பூண்டு, கேரட், உருளை வேலை சேர்ந்து வந்தால் ஒருவரும் வர மாட்டார்கள், வராததில் தப்பும் இல்லை, அது அவர்கள் சொந்த நிலத்து வேலை. ஊர்த் திருவிழா என்றைக்கு என்று கேட்டு அந்த நாட்களில் அறை கொடுக்காதீர்கள். சம்பளத்தைத் திறக்கிற நாளிலிருந்து கணக்கிடாமல் சுத்தம் செய்ய வந்த முதல் நாளிலிருந்தே கொடுங்கள். எங்கள் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முதல் வருஷம் வந்தபோது, "அறைக்குள்ள செருப்போட போகலாமா சார்?" என்று தயங்கி நின்றார். இப்போது எந்த அறைக்கு எத்தனை கம்பளி என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு.

சமவெளியிலிருந்து சமையல்காரரை அழைத்து வந்தால் முதல் நாள் பருப்பு வேகாது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எவ்வளவு கொதித்தாலும் வேக நேரம் பிடிக்கும். ஊறவையுங்கள், குக்கரில் வையுங்கள், இரண்டு விசில் கூட விடுங்கள். காய்கறி இங்கேயே கிடைக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டும் பக்கத்திலேயே விளைகிறது. பூண்டுக் குழம்பும் பட்டர் பீன்ஸ் கூட்டும் போட்டால் போதும், பத்து வகை மெனு எழுதாதீர்கள். மிச்சச் சாப்பாட்டைத் திறந்த குழியில் கொட்டினால் அன்று ராத்திரியே காட்டுப்பன்றி வரும்.

காகித வேலைகளில் விருந்தாளிகளைத் தொடுவதை மட்டும் சொல்கிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் எல்லை வைத்தது. முன்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்வார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, அதையும் சொல்லுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். சிக்னல் கிடைக்காது, கடைசி மூன்று கிலோமீட்டருக்குச் சின்னக் கார் வராது, ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு நேரமாகும் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். மூச்சுத் திணறல் உள்ள பெரியவரோ கைக்குழந்தையோ வருவதானால் முடிவு அவர்கள் எடுக்கட்டும். ஜீப்பை ராத்திரியில் எப்போதும் பாதையைப் பார்த்து, அரை டேங்க் டீசலுக்குக் குறையாமல் நிறுத்துங்கள்.

முதல் வாரம் ஐந்து அறையையும் கொடுக்காதீர்கள். இரண்டு அறை போதும். ஒவ்வொரு நாள் ராத்திரியும் டேங்க் மட்டத்தைக் குச்சி விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னிடம் 2019இலிருந்து அந்த நோட்டு இருக்கிறது, எந்த வருஷம் எந்தத் தேதியில் ஊற்று இளைத்தது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

உங்கள் ஊற்று எவ்வளவு தூரம், ஓஸ் எத்தனை இஞ்சு, 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது, இந்த மூன்றையும் அளந்து கீழே எழுதுங்கள். எத்தனை டேங்க் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.