லேப்டாப்புக்கு வெளியே கிராபிக்ஸ் கார்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இருக்கிறது. அதில் மானிட்டர் ஓடுகிறது, சார்ஜும் ஏறுகிறது. வெளி கிராபிக்ஸ் கார்டும் அதிலேயே ஓடும்தானே?
– திருச்சி வாசகர்

பதில்: அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். டைப்-சி என்பது துளையின் வடிவம். கிராபிக்ஸ் கார்டு வேலை செய்ய அந்தத் துளை வழியாக பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடம் (பிராசஸரும் கார்டும் தரவைப் பரிமாறும் பாதை) வெளியே வர வேண்டும். டைப்-சி வடிவிலேயே இருக்கும் அதிவேக இணைப்பு வகையான தண்டர்போல்ட் 3, 4, 5 மூன்றிலும் அது வரும். யு.எஸ்.பி.4-இல் அதைத் தருவதும் தராததும் லேப்டாப் தயாரிப்பாளரின் விருப்பம். பெரும்பாலானவை தருகின்றன, எல்லாம் அல்ல. யு.எஸ்.பி. 3.2 போர்ட் மானிட்டரை ஓட்டும், சார்ஜ் ஏற்றும், கார்டை மட்டும் கண்டுகொள்ளவே செய்யாது. உங்களுடையது அந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சோதிக்கும் வழி இது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், யு.எஸ்.பி. என்று போங்கள். அங்கே 'யு.எஸ்.பி.4 ஹப்ஸ் அண்ட் டிவைசஸ்' என்ற வரி இருந்தால் நல்ல அறிகுறி. டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி.4 ஹோஸ்ட் ரௌட்டர்' அல்லது 'தண்டர்போல்ட் கன்ட்ரோலர்' தெரிகிறதா என்றும் பாருங்கள். போர்ட்டுக்கு அருகே அம்பு முனையுள்ள மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட்தான். ஆனால் சில தயாரிப்பாளர்கள் குறியே போடுவதில்லை. ஏ.எம்.டி. ரைசன் லேப்டாப்களில் 6000 வரிசை முதல் யு.எஸ்.பி.4 வரத் தொடங்கியது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது விடப்பட்டிருக்கும். எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக்கில் கேம் விளையாட இந்த வழி கிடையாது.

பழைய தண்டர்போல்ட் 3 லேப்டாப்பை செகண்ட்ஹாண்டில் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டெல் எக்ஸ்.பி.எஸ். 13 9360, எக்ஸ்.பி.எஸ். 15 9560 போன்ற மாடல்களில் அந்தப் போர்ட்டுக்கு நான்கு தடத்துக்குப் பதில் இரண்டே தடம்தான். வேகம் பாதியாகிவிடும்.

கேள்வி: ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டை டெஸ்க்டாப்பில் போட்டால் கிடைக்கும் ஃபிரேம்கள் லேப்டாப்பிலும் கிடைக்குமா? எவ்வளவு குறையும்?
– ஈரோடு வாசகர்

பதில்: குறையும். டெஸ்க்டாப் போர்டில் 16 தடம் கொண்ட பி.சி.ஐ. 4.0 துளை ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 31 ஜிகாபைட் கடத்தும். தண்டர்போல்ட் 3 என்றால் அட்டைப்பெட்டியில் நொடிக்கு 40 ஜிகாபிட் (அதாவது 5 ஜிகாபைட்) என்று போட்டிருப்பார்கள். அதில் கார்டுக்கு உண்மையில் கிடைப்பது நொடிக்கு இரண்டரை ஜிகாபைட் அளவு. தண்டர்போல்ட் 4-இல் சற்றுக் கூடுதலாக மூன்றை ஒட்டி வரும். கார்டு அதே கார்டுதான், அதற்குத் தீனி போகும் வழிதான் ஒடுங்கிவிட்டது.

ஆனால் இழப்பு எல்லா கேமிலும் ஒரே அளவு இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) பிராசஸரிலிருந்து கார்டுக்குக் கட்டளைகள் போக வேண்டும். நொடிக்கு 200 ஃபிரேம் ஓடும் போட்டி கேம்களில் அந்தப் போக்குவரத்தே கேபிளை அடைத்துவிடும். அங்கே இழப்பு மிக அதிகம். அதே கார்டில் 1440பி திரைத் துல்லியத்தில், உயர்ந்த கிராபிக்ஸ் தரத்தில், 60 ஃபிரேமுக்கு ஆடும் கதை கேம்களில் வேலையின் பெரும்பகுதி கார்டுக்குள்ளேயே நடக்கிறது, இழப்பு சிறிது. வெளி மானிட்டரில் இழப்பு 10 முதல் 30 சதவீதம் என்று எதிர்பாருங்கள். செட்டிங்ஸைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லையே என்று குழம்புவோர் நிறையப் பேர். அடைப்பு கேபிளிலோ பிராசஸரிலோ இருக்கும்போது அப்படித்தான் ஆகும்.

மானிட்டர் வயரை கார்டின் பின்பக்க எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டில் நேராகச் செருகுங்கள். லேப்டாப் திரையிலேயே விளையாடினால் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் அதே கேபிள் வழியே திரும்பி வர வேண்டும். ஏற்கெனவே ஒடுங்கிய வழியில் அது கூடுதல் சுமை. மானிட்டர் வாங்கும் எண்ணமே இல்லையென்றால் இந்த ஏற்பாட்டை எங்களால் பரிந்துரைக்க முடியாது.

கேள்வி: ஐ5-1235யு பிராசஸர், 16 ஜி.பி. ராம், தண்டர்போல்ட் 4. எந்தக் கார்டு பொருத்தம்? 3060 12 ஜி.பி.யா, 4060 8 ஜி.பி.யா? இன்டெல் ஆர்க் நன்றாக இருக்குமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கார்டுக்கு முன் பிராசஸரைப் பாருங்கள். 1235யு 15 வாட் அடிப்படையில் ஓடுவது. முழு வேகக் கோர் இரண்டுதான். இதன் மேல் விலையுயர்ந்த கார்டை ஏற்றினால் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கும். நீங்கள் கேட்ட இரண்டுமே உச்சவரம்பு, அதற்கு மேல் வேண்டாம். ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், இரண்டு 8 ஜி.பி.யாக மாற்றுவது செலவு குறைந்த முன்னேற்றம்.

இரண்டில் எங்கள் தேர்வு 12 ஜி.பி. உள்ள 3060. டெஸ்க்டாப்பில் 4060 வேகமானது, மின்சாரமும் குறைவு (115 வாட், 3060-க்கு 170 வாட்). ஆனால் கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் மீதி டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) லேப்டாப் ராமில் உட்கார்ந்து, தேவைப்படும் போதெல்லாம் கேபிள் வழியே ஓடி வரும். 16 தடத்தில் அது சிறு தடுமாற்றம். இங்கே படம் அரை நொடி நின்று நின்று போகும். 4060-ஐயே வாங்கினால் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்து வையுங்கள்.

ஆர்க் கார்டுகள் 'ரீசைசபிள் பார்' (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும்) வசதி இயங்கினால்தான் முழுத் திறனைக் காட்டும். வெளி இணைப்பில் அது பல லேப்டாப்களில் கிடைப்பதில்லை. உங்கள் மாடலில் வேலை செய்வது உறுதியாகத் தெரிந்தாலொழிய தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: தண்டர்போல்ட் இல்லை. ஆனால் அடிமூடியைத் திறந்தால் காலியாக ஒரு எம்.2 துளை (எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) இருக்கிறது. அதில் அடாப்டர் போட்டுக் கார்டை இணைக்கலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது?
– சேலம் வாசகர்

பதில்: செய்யலாம். வேகத்தில் தண்டர்போல்ட் 4-ஐ விடவும் நல்லது. பி.சி.ஐ. 4.0 நான்கு தடம் நேராகக் கிடைப்பதால் நொடிக்கு 6 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். கஷ்டமெல்லாம் பொருத்துவதில்தான்.

முதலில் துளை என்.வி.எம்.இ. வகையா (பி.சி.ஐ. தடம் உள்ளதா) என்று லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்யுங்கள். சாட்டா மட்டும் எடுக்கும் எம்.2 துளையில் கார்டு ஓடாது. வைஃபை துளையில் கிடைப்பது ஒரே தடம், அது போதாது. வாங்க வேண்டியவை: எம்.2-இலிருந்து ஆக்யூலிங்க் (பி.சி.ஐ. தடத்தைக் கேபிளில் வெளியே கொண்டுவரும் இணைப்பு வகை) அடாப்டர், 50 செ.மீ.க்கு மிகாத ஆக்யூலிங்க் கேபிள், கார்டு உட்காரும் டாக், 450 முதல் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (டெஸ்க்டாப் பவர் சப்ளை). 

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டு அடாப்டரைப் பொருத்துங்கள். கேபிள் வெளியே வர அடிமூடியில் வழி செய்ய வேண்டியிருக்கும். வாரண்டி இருந்தால் இதை முதலில் யோசித்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் கனெக்டர் டாக்குக்கு, 8 பின் பி.சி.ஐ. கனெக்டர் கார்டுக்கு. பிராசஸருக்கான 8 பின் கனெக்டரும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அதை அழுத்திச் செருகினால் கார்டு எரிந்துபோகும். வயரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே செருகுங்கள். சாட்டா வயரிலிருந்து 8 பின் மாற்றியும் வேண்டாம். அந்தச் சின்ன கனெக்டர் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்காமல் உருகும்.

டாக்குக்கு முதலில் மின்சாரம் கொடுத்து, பிறகு லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்த பிறகே கேபிளைத் தொடுங்கள். தண்டர்போல்ட் போல ஓடும்போதே பிடுங்கும் வசதி ஆக்யூலிங்க்கில் இல்லை. ஸ்லீப் மோடையும் நிறுத்தி வையுங்கள். தூங்கி எழுந்தால் கார்டு பல நேரம் திரும்பி வராது.

கேம் நடுவே திரை கறுத்துப்போனால் ஈவன்ட் வியூவரில் 'வீயா-லாகர்' 17 என்ற எச்சரிக்கை குவிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேபிளில் சிக்னல் சிதைகிறது. குட்டையான, தரமான கேபிள் போடுங்கள். அல்லது பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்தத் துளையை பி.சி.ஐ. ஜென் 3-க்கு (3.0) இறக்குங்கள். வேகம் பாதியாகும், ஆனால் நிலையாக ஓடும். அந்த எச்சரிக்கையே இல்லாமல் சுமை ஏறும் கணத்தில் மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: வெளி கார்டுக்கான தண்டர்போல்ட் பெட்டியில் கார்டைப் போட்டாயிற்று, ஃபேன் சுற்றுகிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் 'கோட் 12' என்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. கார்டுக்கு ஒதுக்க வேண்டிய முகவரி இடம் லேப்டாப்பில் போதவில்லை என்பதுதான் கோட் 12. உள்ளே ஏற்கெனவே தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் இது அதிகம் வரும். டிவைஸ் மேனேஜரில் அந்த உள் சிப்பை 'டிசேபிள்' செய்து, வெளி கார்டு இணைந்த நிலையிலேயே ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகாவிட்டால் பயாஸ் அப்டேட் செய்து பாருங்கள்.

கோட் 43 வந்தால் பெரும்பாலும் டிரைவர் குழப்பம். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டி.டி.யு. (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) கருவியால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டே பட்டியலில் வராவிட்டால் முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜிங் கேபிள் வடிவத்தில் பொருந்தும், வேலை செய்யாது. தண்டர்போல்ட் கன்ட்ரோல் சென்டரில் பெட்டிக்கு 'எப்போதும் இணை' அனுமதி கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரியாகியும் கேம் பழைய வேகத்திலேயே ஓடினால், விண்டோஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்த கேமுக்கு 'ஹை பர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுத்து, அங்கே வெளி கார்டின் பெயர்தான் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜி.பி.யு.-இசட் மென்பொருள் 'பி.சி.ஐ. 1.1' என்று காட்டினால் பதற வேண்டாம். தண்டர்போல்ட் வழியே அந்த எண் உண்மை வேகத்தைச் சொல்வதில்லை. என்விடியா கார்டு என்றால் கூடா-இசட் மென்பொருளில் லேப்டாப்பிலிருந்து கார்டுக்குப் போகும் வேகத்தை அளந்து பாருங்கள். நொடிக்கு 2,200 மெகாபைட்டுக்கு மேல் வந்தால் நலம். 1,400-க்குக் கீழே நின்றால் போர்ட்டுக்கு இரண்டு தடம்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் மின்வெட்டு உண்டு. வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குமா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 170 வாட் கார்டு, 65 வாட் லேப்டாப், 30 வாட் மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ். இழப்பு எல்லாம் சேர்ந்து 300 வாட்டை ஒட்டிவிடும். கேமைச் சேமித்துவிட்டு மூடும் வரை தாங்கலாம்; கார்டு திடீரென்று இழுக்கும் நொடியில் டிரிப் ஆகவும் கூடும். 1,000 வி.ஏ. பாதுகாப்பானது. எர்த் உள்ள மூன்று பின் பிளக்கிலேயே எல்லாவற்றையும் செருகுங்கள்.

கேள்வி: ஏலியன்வேர் கிராபிக்ஸ் ஆம்ப்ளிஃபையர் (வெளி கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி) செகண்ட்ஹாண்டில் மலிவாக வருகிறது. என் லெனோவாவில் போடலாமா?
– வேலூர் வாசகர்

பதில்: முடியாது. அதன் கேபிள் ஏலியன்வேரின் சில மாடல்களில் உள்ள தனிப் போர்ட்டில் மட்டும் பொருந்தும். அசுஸின் பழைய எக்ஸ்.ஜி. மொபைல் பெட்டிகளும் அப்படியே, அசுஸின் குறிப்பிட்ட லேப்டாப்களுக்கு மட்டும். 2025-இல் வந்த எக்ஸ்.ஜி. மொபைல்தான் தண்டர்போல்ட் 5-க்கு மாறியது.