கால் நரம்பும் கணுக்கால் கறுப்பும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 18 ஆண்டுகளாக நின்றபடியே வேலை செய்கிறேன். வயது 44. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கின்றன. மாலையானால் கால் கடுக்கிறது. உழிச்சல் (எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது) செய்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். அண்மைக்காலமாக உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறது. செருப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். பயப்பட வேண்டுமா?

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கறுப்பைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன். நாம் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். மேலே ஏறும் ரத்தம் மீண்டும் கீழே வழிந்துவிடாமல் அதனுள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன; நடக்கும்போது கெண்டைத் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவருக்கு இந்தத் தள்ளல் கிடைப்பதில்லை. வால்வுகள் தளர்ந்து, ரத்தம் தேங்கி, அழுத்தம் கூடும்போது சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றிலுள்ள இரும்பு தோலில் படிவதால்தான் கணுக்கால் அருகே கறுக்கிறது. இதை விட்டுவிட்டால் தோல் தடித்து, சிறு சிராய்ப்புகூட மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம்.

நூல் போல மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் நிலை அதுவல்ல. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவிலோ, வேறு ரத்தநாள மருத்துவரிடமோ காட்டி, சிரைகளில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இப்போது பலருக்கு லேசர் அல்லது ரேடியோ அலை மூலம், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, பழுதான சிரையை அடைத்துவிடுகிறார்கள். ஆழத்தில் உள்ள சிரைகள் அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும். இறுக்கும் காலுறையை, பாதத்து நாடித்துடிப்பை மருத்துவர் பார்த்த பிறகே அணியுங்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால்.

உழிச்சலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால், அந்தக் காலில் யாரையும் கைவைக்க விடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். புடைத்த சிரை வெடித்து ரத்தம் பீறிட்டால், படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு அழையுங்கள். அந்த நேரத்தில் எழுந்து நடக்கவே கூடாது.

கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்திருப்பதால், முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நிற்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். சேலை மடித்துக்கொண்டே இதைச் செய்யலாம்.