பறவைக் கணக்கை கம்ப்யூட்டர்ல ஏத்தறது: பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஆளுங்க கேட்டதும் நான் சொன்னதும்

தடா தம்பி: அண்ணா, பாத்ததெல்லாம் நோட்டுலதான் எழுதிட்டு வரேன், கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்க காசு கட்டாத சாஃப்ட்வேர் ஏதாச்சும் இருக்கா? எங்க ஊர்ல நெட்டு வரும் போகும்.

சைத்பில் போடு தம்பி. இலவசம், விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும், நெட்டு இல்லாமலே எழுதிக்கலாம். எல்லாம் ஒரே ஃபைல்ல உக்காந்துக்கும், அத பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிடு. இபேர்ட்ல (பறவை பாத்தவங்க கணக்கு ஏத்தற வெப்சைட்) ஏற்கனவே போட்டது இருந்தா டவுன்லோட் பண்ணி இதுக்குள்ள இழுத்துக்கலாம், இங்க எழுதினத அங்கயும் அனுப்பலாம். இத விட நல்லது எதுன்னு தேடிட்டே உக்காராத, நாளைக்கு சிஎஸ்வியா, அதாவது எக்செல்ல திறக்கற சாதா ஃபைலா, வெளிய எடுக்க முடியுமான்னு மட்டும் பாரு, அது போதும்.

சூளூர்பேட்டை அக்கா: ஏரி பெரும்பகுதி ஆந்திரா, கொஞ்சம் தமிழ்நாடு. பூநாரைய எந்த ஸ்டேட் கணக்குல எழுதறது?

இபேர்ட் மேப்ல குண்டூசி எங்க குத்தறீங்களோ அந்த ஸ்டேட் லிஸ்ட்லதான் ஏறும்க்கா. காலைல ஆந்திரா பக்கம் அடகானித்திப்பா பாத்துட்டு சாயந்திரம் தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி போறவங்க ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல கொட்டிடறாங்க, அப்புறம் அந்தப் பறவை எந்தக் கரைல நின்னுச்சுன்னே தெரியாது. பார்டர் தாண்டினா புது லிஸ்ட் ஆரம்பிங்க. சைத்பில்லயும் பழவேற்காடு ஏரின்னு ஆந்திராவுக்கு கீழ ஒண்ணு, தமிழ்நாட்டுக்கு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இடமா வச்சுக்கங்க. இன்னொண்ணு, உங்க ஊரே 2022ல நெல்லூர்லேர்ந்து திருப்பதி மாவட்டத்துக்கு போயிடுச்சு இல்ல, பழைய குறிப்புல மாவட்டம் எழுதியிருந்தா அதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

ஆரம்பாக்கம் சார்: எக்செல்ல அடிச்சு இபேர்ட்ல ஏத்தினேன், டிசம்பர் 5ல பாத்ததெல்லாம் மே மாசம்னு காட்டுது!

தேதிதான் சார். அங்க மாசம் முன்னாடி, நாள் பின்னாடி. நாம 05/12னு அடிச்சா அது மே 12. நாள் 12க்கு மேல போனா எரராவது வரும், 12 வரைக்கும் சத்தமே இல்லாம தப்பா ஏறிடும், அதான் பாதி எரர் பாதி தப்புன்னு குழம்புது. கொளுத்தற மே மாசத்துல சைபீரியா வாத்து நம்ம ஏரில இருக்குன்னு போட்டா ரிவ்யூ பண்றவங்க மெயில் அனுப்பாம என்ன பண்ணுவாங்க. தமிழ்ல எழுதின குறிப்பு கேள்விக்குறியா வந்தா சிஎஸ்வி சேவ் பண்றப்ப யுடிஎஃப்-8ன்னு இருக்கறத எடுங்க.

நகரி டீச்சர்: பசங்களோட போனா கூட்டம் எண்ண முடியல, எண்ணிக்கைக்கு பதிலா இருந்துச்சுன்னு மட்டும் சொல்ற எக்ஸ் (X) போட்டுடலாமா?

போடலாம் டீச்சர், ஆனா குத்துமதிப்பா ஒரு நம்பர் இருந்தா இன்னும் நல்லது. முதல்ல ஒரு அம்பது எண்ணிட்டு, அந்த அளவு கூட்டம் எத்தனை நிக்குதுன்னு பசங்கள சொல்லச் சொல்லுங்க.

சத்தியவேடு தம்பி: ஃபோட்டோல இடம் பதியல, கேமராவுல ஜிபிஎஸ் இல்ல.

போன்ல ட்ராக் ஓட விட்டு, போன வழி பதிஞ்சிருக்கற ஜிபிஎக்ஸ் ஃபைலா எடு, டிஜிகேம்னு ஃபோட்டோ சாஃப்ட்வேர்ல அதையும் ஃபோட்டோவையும் சேத்தா நேரத்தப் பாத்து அதுவே இடத்த போட்டுடும். ஜிபிஎக்ஸ் நேரம் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், அதனால டைம்சோன் 5:30 வைக்க மறந்தா நேலப்பட்டு கூழைக்கடா நடு ரோட்டுல போய் நிக்கும்.

தடா தம்பி மறுபடி: அண்ணா, வருஷா வருஷம் பறவைங்க பேர மாத்தறாங்களே, பழைய கணக்கு என்ன ஆகும்?

உண்ணிக்கொக்கு ஒண்ணா இருந்தது கிழக்கு மேற்குன்னு ரெண்டாச்சு பாரு, அந்த மாதிரி வந்தா புது வெர்ஷன் போடறப்ப சைத்பில்லே சந்தேகம் இருக்கறத எடுத்துக் காட்டும், நம்ம ஊர்ல பாத்ததெல்லாம் கிழக்குன்னு தேர்ந்தெடுத்து விட்டுடு.