ஸ்டார், குடில், கலகலா: கைக்கடக்கமான கிறிஸ்துமஸுக்குச் சில கேள்வி பதில்கள்

டிசம்பர் பிறந்ததும் நம் ஆட்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் வந்தவற்றில் பலருக்கும் உதவும் என்று பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் தையலும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் பதில்களில் திருநெல்வேலிப் பக்க வழக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, இந்தத் தடவை வீட்டுக்காரருக்கு போனஸ் இல்லை. கையில் இருப்பதே 2,000 ரூபாய். இருபது வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கணும், வீட்டை அலங்கரிக்கணும். எங்கே ஆரம்பிப்பது?

கடையில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் எழுதுங்கள். தலை எண்ணிக்கை தெரியாமல் சாமான் வாங்கினால்தான் காசு கரையும்.

அடுத்தது, இருபது வீட்டுக்கும் ஒரே பலகாரம். கலகலா, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் என்று நாலும் செய்யப் போனால் நாலுக்கும் தனித்தனியாகச் சாமான் வாங்கி, நாலிலும் கொஞ்சம் மிச்சமாகி, கடைசியில் ஒன்றும் ஒழுங்காக வராது. உங்கள் பட்ஜெட்டுக்குக் கலகலாதான் சரி. ஒன்றரைக் கிலோ மைதா, 450 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் வெண்ணெய், மூன்று முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பிசைவதற்குக் கெட்டித் தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பொரித்து முடித்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வரும். வீட்டுக்கு 100 கிராம் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் தெருவில் சைவம் சாப்பிடுகிற வீடுகள் இருந்தால் அவர்கள் பங்கை முட்டை இல்லாமல் முதலில் பிசைந்து, புது எண்ணெயில் முதல் ஈடாகப் பொரித்து எடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அதைச் சொல்லியும் விடுங்கள். இல்லையென்றால் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார்கள்.

பேக்கிங்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தீபாவளிக்குப் பலகாரம் வந்த டப்பாவும் தூக்கும் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். எப்படியும் வெறுமனே திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, அதிலேயே போட்டுக் கொடுங்கள். மீதி வீடுகளுக்குச் சின்ன ஓலைக்கொட்டான். உங்களுக்கு மணப்பாடு பக்கம்தானே, பனையோலைப் பெட்டிக்குப் பேர்போன ஊர். பிளாஸ்டிக் பையைவிட விலை கூடத்தான். ஆனால் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள்.

அதே தங்கச்சி: நான் செய்தால் கலகலா கல்லாகிவிடுகிறது.

மாவு இறுக்கமாக இருக்கும், இல்லையென்றால் எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வையுங்கள். முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டும்போது மாவு மெல்லியதாக இருக்க வேண்டும். தடியாகச் சுருட்டினால் வெளியே சிவந்து உள்ளே வேகாது. மிதமான தீ போதும். நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் மறுநாளே நமுத்துவிடும். பக்குவமாகச் செய்தால் இரண்டு வாரம் இருக்கும்.

மதுரை, கல்லூரி மாணவர்: கடை ஸ்டார் வேண்டாம், நானே மூங்கிலில் கட்டலாம் என்று பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோணல்மாணலாக வருகிறது. அளவு சொல்லுங்கள்.

தம்பி, எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரே நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு, அதாவது பிளந்து சீவிய குச்சி, வேண்டும். 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க ஸ்டாருக்கு ஐந்து, பின்பக்கத்துக்கு ஐந்து. ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். ஐந்து குச்சிகளும் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் அந்தக் கோடுதான். கோட்டோடு கோடு வைத்துக் கட்டினால் கோணம் தானாகவே சரியாக விழும். பாகைமானி தேவையில்லை. வேறு நீளம் என்றால் நீளத்தை 0.382ஆல் பெருக்குங்கள். 90 செ.மீ. குச்சிக்கு 34 செ.மீ. சொச்சம் வரும். கோணலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அளவை எடுக்காமல் கண் மட்டத்தில் கட்டுவதுதான்.

குச்சிகளை ஒன்று மேலே ஒன்று கீழே என்று பின்னல் மாதிரி நுழைத்துவிட்டால் பாதி பலம் அதிலேயே வந்துவிடும். இரண்டு ஸ்டாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் நடுவில் வெட்டும் ஐந்து இடங்களிலும் 12 செ.மீ. முட்டுக்குச்சி ஒவ்வொன்று கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். முட்டு கொடுக்கும்போது மூங்கில் வளைய வேண்டும், அதனால் பிளாச்சைத் தடியாகச் சீவாதீர்கள். உலர்ந்துபோன மூங்கில் என்றால் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டால் உடையாமல் வளையும்.

பேப்பர் காற்றாடித் தாளே போதும். ஒட்டுவதற்கு மைதா பசை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய ஆட்கள் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். சின்னப் பிள்ளைகள் ஒட்டப் போகிறார்கள் என்றால் சேர்க்கவே வேண்டாம், ஒரு மாதம் தாங்குவதற்குத் துத்தம் இல்லாத பசையே போதும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்டக் கை போக வேண்டுமே.

அதே மாணவர்: மழைக்கு என்ன செய்வது? பல்பு எத்தனை வாட்?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஆளை விடாது. ஸ்டாரை மாடித் திறப்பில் தொங்கவிடாமல் சன்ஷேடுக்கு அடியில் தொங்கவிடுங்கள். வேறு இடமே இல்லையென்றால் மெல்லிய பாலிதீன் ஷீட்டை மேல் கைகளுக்கு மட்டும் தொப்பியாகக் கவிழ்த்துக் கட்டலாம். முழுவதும் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பேப்பர் ஊறிவிடும்.

5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். பழைய குண்டு பல்பு கண்டிப்பாகக் கூடாது, அந்தச் சூட்டில் பேப்பர் கருகும். பல்பு எந்தப் பக்கமும் தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும். ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெட்டி ஒட்டிய ஒயர், செலோ டேப் சுற்றிய ஜாயின்ட், இவையெல்லாம் மழைக்காலத்தில் ஆளைக் கொல்லும். நாம் மற்ற எல்லாவற்றையும் வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்வதே ஒயரையும் ஹோல்டரையும் புதிதாக வாங்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, வாடகை வீடு: கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பிளாஸ்டிக் மரம் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. சவுக்குக் கிளை வைக்கலாமா?

தாராளமாக. பிளாஸ்டிக் மரம் வருவதற்கு முன்னால் பெரும்பாலான வீடுகளில் சவுக்குதானே. ஆனால் முதல் தேதியே கொண்டுவந்து வைக்காதீர்கள், பண்டிகை அன்று மொட்டையாக நிற்கும். 20ஆம் தேதிக்கு மேல் வாங்கி, வாளியில் ஈரமணல் போட்டு நட்டு, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த சவுக்கு குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். வீட்டில் குரோட்டன்ஸ் தொட்டி இருந்தால் அதற்கே சீரியல் லைட் சுற்றுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

அவரே: மரத்தில் தொங்கவிட?

பழைய கல்யாணப் பத்திரிகைகள். கெட்டி அட்டை, பொன் நிற அச்சு, இதைவிட நல்ல சாமான் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஸ்டார், மணி, மீன் என்று வெட்டித் தொங்கவிடுங்கள். பத்திரிகையில் பிள்ளையார், பெருமாள் படம் இருக்கும் பக்கத்தில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். நம்மை மதித்துக் கூப்பிட்டவர்கள் கொடுத்தது. சேராத ஒற்றை வளையல்கள் இருந்தால் மிச்ச ஊலன் நூலைச் சுற்றி, நடுவில் ஒரு மணி தொங்கவிடலாம். சவுக்குக் காயையும் வீணாக்க வேண்டாம்.

ஜிகினாத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். பொங்கல் வரைக்கும் சோற்றில் கிடக்கும்.

நாகர்கோவில், இரண்டு பிள்ளைகளின் அம்மா: பக்கத்து வீட்டில் பெரிய குடில் வைக்கிறார்கள், மலை, அருவி எல்லாம். எங்களால் சொரூப செட் வாங்க முடியவில்லை. பிள்ளைகள் ஏங்குகிறார்கள்.

1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் சொரூபமே கிடையாது. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மலைக்குச் சிமெண்ட் சாக்கின் உள்தாள். தூசி போக உதறி, நன்றாகக் கசக்கி, நீர்த்த மைதா கஞ்சியில் நனைத்து, கவிழ்த்த டப்பாக்கள் மேல் போர்த்திக் காயவிட்டால் பாறையேதான். காய்ந்ததும் அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் தொட்டுத் தேய்த்தால் நிறம் வந்துவிடும். புல்லுக்குக் கேழ்வரகு. இரவு ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவி, 14, 15ஆம் தேதி வாக்கில் இருட்டு மூலையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். முளை எழும்பியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பண்டிகைக்குப் பச்சையாக நிற்கும். தெருவில் முளைப்பாரி எடுக்கிற அம்மா யாராவது இருந்தால் கேளுங்கள், அந்தப் பக்குவம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆடு மாடுகளுக்குப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போதும். அளவு பொருந்தவில்லை என்று கவலை வேண்டாம். சின்னதெல்லாம் மலை உச்சியில், பெரியதெல்லாம் முன்னால், அப்போது தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். மாதா, சூசையப்பருக்குத் துணி மாட்டும் மரக் கிளிப்பில் துணி சுற்றி, நூல் முடி ஒட்டினால் போதும். குழந்தை ஏசு சொரூபம் ஒன்றை மட்டும் இந்த வருஷம் வாங்குங்கள். 24ஆம் தேதி இரவு அதை வைப்பது கடைக்குட்டியின் வேலை.

ஒரு தம்பி, ஐ.டி. கம்பெனி: ஆபீஸில் சீக்ரெட் சாண்டா, சீட்டில் வந்தவருக்கு நம் பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கணும். 200 ரூபாய்க்குள். கப் தவிர ஏதாவது சொல்லுங்க சித்தி.

சரி. சுக்குமல்லிக் காபிப் பொடி செய்யுங்கள். 100 கிராம் சுக்கு, 50 கிராம் மல்லி, 10 கிராம் மிளகு, நாலைந்து ஏலக்காய். சுக்கைத் தட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் லேசாகச் சூடு காட்டிப் பொடித்துச் சலித்து, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். கருப்பட்டியைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுக்கவும். பொடியோடு கலந்தால் இந்த ஈரக் காற்றில் ஒரே வாரத்தில் கட்டியாகிவிடும். மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய சுற்றிச் சணல் கட்டினால் கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கும். எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று ஒரு சீட்டு எழுதி வைக்க மறக்காதீர்கள்.

புதுசாகக் கல்யாணமானவர், கோவை: மாமியாருக்குக் கையால் செய்து கொடுக்க ஆசை. ஆனால் காசு மிச்சம் பிடித்ததுபோல் தெரியக் கூடாது.

தைக்கத் தெரியுமா? அவர்கள் கோயிலுக்கு எடுத்துப்போகும் பைபிளின் அளவை வீட்டுக்காரரை எடுத்து வரச் சொல்லுங்கள். கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானை உங்கள் அம்மா வீட்டில் இருக்கும். பைபிளை விரித்து வைத்த அகலத்தோடு இரண்டு பக்கமும் மடிப்புக்கு 7, 7 செ.மீ., தையலுக்கு ஒன்றரை செ.மீ. சேர்த்து வெட்டி, உள்ளே பருத்தித் துணி கொடுத்து உறை தையுங்கள். முதுகுப் பக்கம் கொஞ்சம் தளர்வு வேண்டும், இல்லையென்றால் புத்தகம் மூடாது. மீதித் துணியில் பாட்டுப் புத்தகத்துக்கும் ஒன்று. ஜரிகை தையலில் பிரியும், அதனால் ஓரத்தை மடித்துத் தையுங்கள். ஞாயிறுதோறும் நாலு பேர் பார்த்து யார் தைத்தது என்று கேட்பார்கள், மாமியாருக்கு அதைவிட என்ன வேண்டும்.

தைக்கத் தெரியாது என்றால் டெய்லரிடம் கொடுத்துவிட்டு நான் தைத்தேன் என்று சொல்லாதீர்கள்.

பழைய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் புது மெழுகுவர்த்தி செய்து கொடுக்கலாமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

செய்யலாம். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். மெழுகில் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு கிரேயான் போட்டால் திரி அடைத்துக்கொண்டு சரியாக எரியாது. நிற மெழுகுவர்த்தித் துண்டையே சேர்த்துக்கொள்ளலாம். சிரட்டையில் ஊற்றினால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று பலரும் செய்கிறார்கள். அடிவரை எரிந்தால் சிரட்டையும் சேர்ந்து எரியும். அகலில் ஊற்றுங்கள். மிச்ச மெழுகை சிங்கில் கொட்ட வேண்டாம்.

வீட்டில் திராட்சை வைன் போட்டுப் பரிசாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பன்னீர் திராட்சையைச் சர்க்கரை, பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடியுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை: நாற்பது பிள்ளைகள், 1,000 ரூபாய்.

தலைக்கு 25 ரூபாய். கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு, ஒரு பென்சில். பென்சில் தலையில் பழைய பத்திரிகை அட்டையில் வெட்டிய ஸ்டார். அந்த ஸ்டாரைப் பெரிய பிள்ளைகளை விட்டு முந்தின வாரமே வெட்டச் சொல்லுங்கள். பின்னால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நீங்கள் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். (அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாக்லேட் கேட்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் எடுபடாது.)

எல்லாவற்றையும் எப்போது கழற்றுவது? அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியுமா?

ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரை இருக்கட்டும். ஸ்டாரைப் பேப்பரோடு பரணில் ஏற்றாதீர்கள், மைதா பசைக்குக் கரப்பானும் எலியும் வந்துவிடும். பேப்பரை நனைத்து உரித்துவிட்டு, சட்டத்தை வெயிலில் காயவைத்துக் கட்டி வையுங்கள். சணல் மட்டும் அடுத்த வருஷம் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.